பிக்ஹா அக்காவின் அடுப்படிச் சுவர்

குவா பிக்ஹா அக்கா எங்கள் ஹோக்கான் பேட்டைக்குத் தலைவியாக வந்ததே தொண்டையை நம்பித்தான். காலை மார்க்கெட்டில் பால்கெண்டை மீன் உருண்டை விற்றுக்கொண்டிருந்தவள். இந்தக் கோடியில் நின்று, "நேத்து வாங்கிட்டுப் போனீங்களே, மருமக என்ன சொன்னா?" என்று கேட்டாளானால் அந்தக் கோடியில் போகிற மருமகளே திரும்பிப் பார்ப்பாள். பழைய தலைவர் காலத்தில் ஒருமுறை பேட்டை ஒலிபெருக்கி பழுதாகிப்போனது. மறுநாள் குழாயில் தண்ணீர் வராது என்று எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். அக்கா தன் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கால்வாய்க்கு அக்கரையில் இருக்கிறவர்கள்கூட அன்றைக்குக் குடம் குடமாகப் பிடித்து வைத்தார்கள். அடுத்த தேர்தலில் ஜனங்கள் அவளையே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

எதிர்த்து நின்றவர் லோ செங்ஹோ. எங்கள் காவ்ஷியுங் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். சட்டையை இஸ்திரி போடாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வரமாட்டார். பிரச்சாரத்தில் அவர் அதிகம் பேசவில்லை. "அந்தம்மா உருண்டையில மீனைத் தேட விளக்குப் பிடிக்கணும். மாவு உருண்டை விக்கிறவ கையில பேட்டையக் குடுக்கலாமா?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார். அவ்வளவுதான். அக்கா மயிரிழையில் ஜெயித்தாள். மாவு என்று சொன்னதை மட்டும் அவள் மறக்கவில்லை. "என் புருஷனைத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல" என்பாள்.

இதில் கொடுமை என்னவென்றால் இரண்டு பேர் வீட்டுக்கும் முதுகோடு முதுகு ஒட்டு. மேற்கு வரிசையில் அக்கா வீடு, கிழக்கு வரிசையில் லோ அண்ணன் வீடு. நடுவில் நகர வரைபடத்தில் ஒரு பின்சந்து உண்டு. நான் இதே பேட்டையில் பிறந்தவன், அந்தச் சந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆளாளுக்கு அடுப்படியைப் பின்னால் ஒரு முழம், இன்னொரு முழம் என்று நீட்டி, கடைசியில் இரண்டு வரிசையும் சுவரோடு சுவர் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. சந்து சமையலறைகளின் வயிற்றுக்குள் போய்விட்டது. அக்கா இஞ்சி வதக்கினால் லோ அண்ணன் தும்முவார். அவர் தொலைக்காட்சிச் செய்தியைத் திட்டினால் அவள் சுவரைப் பார்த்து, யாரிடமோ சொல்வது போல், பதில் சொல்வாள். நேரில் பார்த்தால் மட்டும் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

பேட்டையை ஒட்டி ஓடுகிற கால்வாய்க்குத் தெளிநீர்க் கால்வாய் என்று பெயர். பெயர் வைத்தவர் நல்ல மனுஷராக இருந்திருப்பார், நாங்கள்தான் அவரை ஏமாற்றிவிட்டோம். என் ஸ்கூட்டர் பட்டறை பாலத்தை ஒட்டி இருப்பதால் கால்வாயின் குணம் எனக்கு அத்துப்படி. வெயில் நாளில் தொந்தரவில்லை. தெருச் சாக்கடைகள் கால்வாயில் விழுமுன் கரையோரத்து மதகு மறித்து, சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பிவிடும். மழை கொட்டினால்தான் வினை. மழைத்தண்ணீரும் வீட்டுக் கழிவும் ஒரே சாக்கடையில் கட்டிப்பிடித்துக்கொண்டு வரும்போது மதகு என்ன செய்யும்? மூடி வைத்தால் தெரு மிதக்கும். திறந்துவிடுவார்கள். பேட்டையின் அந்தரங்கம் மொத்தமும் கால்வாயில் இறங்கும். மறுநாள் மீன்கள் மல்லாந்து கிடக்கும். பட்டறைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே பேசுவார்கள். வண்டியில் என்ன கோளாறு என்று புரிந்துகொள்வதே எனக்குப் பாதி வேலையாகிவிடும்.

அக்கா தலைவியாகி இரண்டாம் வருஷம் நகர நிர்வாகம் எங்கள் பக்கம் கண்ணைத் திருப்பியது. இனி மழைத்தண்ணீருக்குப் பழைய சாக்கடை, வீட்டுக் கழிவுக்குத் தனிக்குழாய். மழை பெய்து மதகைத் திறந்தாலும் போவது வெறும் மழைத்தண்ணீராக இருக்கும். இதைச் சொல்ல ஃபான் என்ற பெண் பொறியாளர் மஞ்சள் தொப்பியோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது அக்காவின் ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லக்கா. குழாய் நாங்களே போட்டு, ஒவ்வொரு வீட்டையும் நாங்களே சேத்துக் குடுத்துடுவோம்" என்றாள் ஃபான்.

"கரும்பு தின்னக் கூலியா? போடுங்க தாயி."

"பின்சந்துலதான் போடணும்."

"போடுங்க."

"பின்சந்து எங்கக்கா இருக்கு?"

அக்கா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. நான் அறிந்து அதுதான் முதல் தடவை. ஃபான் நின்றிருந்தது அடுப்படியில், சோற்றுப்பானைக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவில்.

"நீ நிக்கிற இடந்தான்" என்றாள் அக்கா கடைசியில்.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் அடுப்படியை இடித்து, ஒரு ஆள் நடமாடுகிற அகலத்துக்கு உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும். எல்லாரும் இடம் விட்டால்தான் குழாய். ஒரு வீடு முரண்டு பிடித்தாலும் வரிசையே நின்றுபோகும். அக்கா அன்று சாயங்காலமே வீடு வீடாகக் கிளம்பினாள். கால்வாய் சுத்தமாக வேண்டும் என்பதில் பேட்டையே ஒரு மனதாக இருந்தது. இடிப்பது என்று வந்ததும் எல்லாருக்கும் பக்தி பெருகிவிட்டது.

"அடுப்பு சாமியை அசைக்க இந்த மாசம் பஞ்சாங்கத்துல நாள் இல்லையே தலைவி" என்றார் முதல் வீட்டுக்காரர்.

"அடுத்த மாசம்?"

"அடுத்தது பேய் மாசம். அதுல யாராவது கடப்பாரையத் தொடுவாங்களா?"

இன்னொரு வீட்டில், கர்ப்பிணி இருக்கிற வீட்டுச் சுவரில் ஆணிகூட அடிக்கக்கூடாது என்றார்கள். அந்த வீட்டில் இருந்தது எழுபது தாண்டிய கிழவனும் கிழவியும் மட்டும். அக்கா கிழவியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் இல்லடி, பூனை" என்றாள் கிழவி.

ஆள் ஆளாகப் பேசினால் ஆகாது என்று அக்கா நிலச்சாமி கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டாள். ஃபான் படம் வரைந்து காட்டி, மதகு, மழை, குழாய் எல்லாம் விளக்கினாள். ஜனங்கள் பூசணி விதை கொறித்துக்கொண்டு தலையாட்டினார்கள். லோ அண்ணன் எழுந்தார். சட்டை மடிப்பு கத்தி மாதிரி இருந்தது.

"ஒரு சந்தேகம். கால்வாய நாறடிக்கிறது எந்த வரிசை? அழுக்குப் பண்றவன் இடிக்கட்டும். கிழக்கு வரிசைச் சாக்கடை நேரா மதகுக்குப் போகுது. மேற்கு வரிசை எங்க போகுதுன்னு அந்த சாமிக்குத்தான் தெரியும்."

"எங்க வீட்டுக் குழாய் தெருச் சாக்கடைக்குப் போகுது" என்றாள் அக்கா. ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் சொன்னாள். "என் வீட்டுக்காரர் தன் கையால போட்டது. அவரு கப்பல் உடைக்கிற யார்டுல வேலை பாத்தவரு. இரும்பு அவருகிட்டப் பேசும்."

அவள் புருஷன் சுய்போக் அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இதைக் கேட்டதும் பூசணி விதை புரையேறி இருமினார். நான் முதுகில் தட்டினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கப்பல் உடைப்பவருக்கு எதையும் பிரிக்கத் தெரியும். சேர்ப்பது வேறு தொழில்.

"அப்ப சாயம் ஊத்திப் பாக்கலாமே?" என்றார் லோ அண்ணன்.

ஃபான் பதறினாள். "சாயச் சோதனை நாங்களே பண்ணப்போறோம்ங்க. அது எங்க வேலைக்கு. சத்தமில்லாம ஒரு ஓரமா..."

"சத்தமில்லாம எதுக்கு?" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமை காலையில. எல்லாரும் பாலத்துக்கு வாங்க. மேற்குக்குப் பச்சை, கிழக்குக்குச் சிவப்பு!"

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் நிற்க இடமில்லை. படகுப் போட்டிக்குக்கூட அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. கரும்புச்சாறு வண்டிக்காரன் கேள்விப்பட்டுத் தானாக வந்துவிட்டான். என் பட்டறையில் இருந்த நாற்காலி எல்லாம் பறிபோனது. நிற்கிற வண்டிகளின் மேலே குழந்தைகளை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். தோற்ற வரிசை ஜெயித்த வரிசைக்குக் கரும்புச்சாறு வாங்கித் தரவேண்டும் என்று பேச்சு. ஃபானின் ஆட்கள் லோ அண்ணன் வீட்டுக் கழிப்பறையில் சிவப்பு ஊற்றினார்கள். அக்கா வீட்டில் பச்சை. ஊற்றியாயிற்று என்று கையசைத்தார்கள். அக்கா பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தேர்த்திருவிழா பார்க்க வந்தவள் மாதிரி நின்றாள்.

சிவப்பு வரவே இல்லை. அது மதகோடு திரும்பிப் போய்விட்டது.

பாலத்துக்கு நேர் கீழே, கரைச் சுவரில், நாங்கள் யாரும் கவனித்தே இராத ஒரு சின்னக் குழாய் இருந்தது. மதகைத் தொடாமல் நேரே கால்வாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. பிறகு கொடகொடவென்று பச்சை. அப்படி ஒரு பச்சையை நான் கல்யாணப் பட்டில்கூடக் கண்டதில்லை. கால்வாயின் கறுப்பில் அது வாத்து மாதிரி அலட்சியமாக மிதந்து போயிற்று.

கிழக்கு வரிசை முழுக்க ஒரே ஆரவாரம். "தலைவி, அது உங்க வீட்டுதா? நல்ல செழிப்பா இருக்கு!" என்று எவனோ கத்தினான். லோ அண்ணன் கத்தவில்லை. ஒரு கரும்புச்சாறு வாங்கி, உறிஞ்சுகுழல் போட்டு, ஒவ்வொரு வாயாக ரசித்துக் குடித்தார்.

அக்கா திரும்பினாள். "எங்க அந்தக் கிழக்குரங்கு?"

சுய்போக் அண்ணன் என் பட்டறைக்குள், தூக்கி நிறுத்தியிருந்த ஒரு வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தெருச் சாக்கடைக்குப் போட்டேன்னு சொன்னியே?"

"போடத்தான் ஆரம்பிச்சேன் பிக்ஹா. நடுவுல பாறாங்கல்லு. வெயில்னா வெயில். இந்தப் பக்கம் பாத்தா கால்வாய் கிட்ட இருந்துச்சு."

"இத்தன வருஷமா சொல்லலையே?"

"நீ கேக்கலையே."

அடி விழும் என்று நான் ஸ்பேனரை எல்லாம் எட்ட எடுத்து வைத்தேன். அக்கா அடிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "செத்த மீனைப் பாக்கறப்பல்லாம் கிழக்கு வரிசையத் திட்டினேன். வெயில் மழைன்னு பாக்காம நேரா விழுந்தது என் வீட்டுது" என்றாள் மெதுவாக. மெதுவாக என்றால் அவள் கணக்கில். பாலத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அன்று மத்தியானமே பேட்டை ஒலிபெருக்கி கரகரத்தது. "எல்லாருக்கும் வணக்கம். நான் பிக்ஹா. பச்சை எங்க வீட்டுதுதான். எங்க அடுப்படிதான் முதல்ல இடியப்போவுது. கர்ப்பிணிப் பூனை வெச்சிருக்கிறவங்க அடுத்து வரிசையில நில்லுங்க."

அடுப்பு சாமியிடம் உத்தரவு வாங்கும்போது நானும் கூட இருந்தேன். அக்கா குறி கேட்கிற பிறைக்கட்டைகளைக் கையில் வைத்துக் கும்பிட்டுப் போட்டாள். ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் சம்மதம். இரண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம்.

"ஊரே சிரிச்சாச்சு, நீயுமா?" என்று சாமியையே அதட்டிவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் சிரிப்பு. "பாரு, நீ சொன்னாலும் இடிப்பேன், சொல்லாட்டியும் இடிப்பேன். சொன்னேன்னா உனக்கு மரியாதை." மூன்றாவது முறை சம்மதம் விழுந்தது. சாமி படத்தைக் கழற்றி, சாமியின் வாயில் இனிப்புத் தடவி, முன்கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே குடிவைத்தார்கள்.

இடிப்பதற்கு முதல் நாள் ஒரு சாமான் கொடுக்கப் போனேன். அக்கா முட்டிபோட்டு அடுப்படித் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்து, அந்த நீட்டின அடுப்படியில்தான் முதல் முதலாக மீனை அரைத்து உருண்டை பிடித்தாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். சுவரில் எண்ணெய்க் கறையில் பிள்ளைகள் விரலால் வரைந்த கோடெல்லாம் இருந்தது. அதையும் தேய்த்தாள்.

"நாளைக்கு உடைக்கப்போற சுவரை எதுக்குத் தேய்க்கிற?" என்றார் சுய்போக் அண்ணன். குரலில் பயம் இன்னும் போகவில்லை.

"நாலு பேர் பாக்கப்போறாங்க. அழுக்கா இருந்தா என்ன நெனப்பாங்க?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அவர் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார்.

மறுநாள் ஃபான் முதலில் கிழக்குத் தெருவைச் சுற்றிப் போய் லோ அண்ணன் கதவைத் தட்டினாள். "அண்ணே, பின்பக்கம் சுவரெடுக்கறோம். உங்க சுவர் எப்படி இருக்குன்னு ஒரு தடவை உள்ள பாத்துக்கலாமா?"

"என் சுவர் எங்கப்பா கட்டினது. கோட்டைச் சுவர். அதத் தொடாத வரைக்கும் அந்தம்மா வீட்ல என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஃபானுக்கு மனசு கேட்கவில்லை. இடிக்கிற இயந்திரத்தை வைக்கச் சொல்லிவிட்டு, மேலேயிருந்து ஒவ்வொரு செங்கல்லாகக் கையால் எடுக்கச் சொன்னாள். அடுப்படி வாசலில் கூட்டம் கூடியிருந்தது. அக்கா இடுப்பில் கைவைத்து நின்று மேற்பார்வை பார்த்தாள். முதல் வரிசைக் கல் வந்தது. இரண்டாவது வந்தது. ஒரு வேலையாள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மேடம், இந்தச் சுவருக்குப் பின்னாடி சுவரக் காணோமே?"

"கோட்டைச் சுவர் இருக்கணுமே?"

"ஆள்தான் இருக்காரு."

லோ அண்ணனின் அப்பா அந்தக் காலத்தில் கல் மிச்சம் பிடித்திருக்கிறார். அக்கா வீட்டுச் சுவரையே தன் சுவராக வைத்து மேலே கூரையை ஓட்டிவிட்டார். மகனுக்கு அது தெரியவே தெரியாது. இப்போது நெஞ்சளவுக்குச் சுவர் இறங்கியதும் அந்த அடுப்படி அரங்கம் மாதிரி திறந்துகொண்டது. லோ அண்ணன் பனியனோடு அடுப்பு முன்னால் நின்றிருந்தார். இஸ்திரி போடாத அவரை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். புகைபோக்கி விசிறி ஓடிய இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. சட்டியில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் ஒன்றை எடுத்து ஊதி, கண்ணை மூடிக் கடித்தார். கண்ணைத் திறந்தபோது எதிரே பிக்ஹா அக்காவும், அவளுக்குப் பின்னால் மேற்கு வரிசை மொத்தமும்.

அடுப்பு மேடையில் பிரித்த பை கிடந்தது. பை மேல் அக்காவின் சின்ன வயதுப் படம், கீழே 'பிக்ஹா பால்கெண்டை உருண்டை' என்ற எழுத்து.

வாயில் இருந்ததை லோ அண்ணனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"உப்பு சரியா இருக்கா லோ அண்ணே?" என்றாள் அக்கா.

அவர் ஒருவழியாக விழுங்கினார். "கொஞ்சம் செலரி கிள்ளிப் போட்டா நல்லாருக்கும்."

"யாரு வாங்கியாந்து குடுக்கறா?"

"என் கூடப்பொறந்த அக்கா மக."

"எவ்வளவு காலமா?"

"அவ ஸ்கூல் போற காலத்துலேர்ந்து."

"அப்ப ஊரெல்லாம் போய் மாவு உருண்டைன்னு சொன்னியே, அது?"

லோ அண்ணன் விசிறியை அணைத்தார். பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது அரசியல்" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு கால்வாய் தாண்டிக் கேட்டிருக்கும். சுய்போக் அண்ணன் ஓடிப்போய் முன்பக்கத் தொட்டியில் வளர்த்த செலரிக் கீரையைப் பறித்துவந்து, சுவர் இருந்த இடத்தின் வழியாக நீட்டினார். லோ அண்ணன் வாங்கிக்கொண்டார். சட்டி வற்றுவதற்குள் இரண்டு வரிசை ஆட்களும் அந்த அடுப்படியில் ஒரு வாய் சாப்பிட்டாயிற்று.

திறந்து கிடக்கிற அடுப்படியோடு குடித்தனம் நடத்த முடியாது. புதுச் சுவர் எழுப்பித்தான் ஆகவேண்டும். எழுப்புவதை உள்ளே தள்ளி எழுப்பிவிடுவோமே என்று ஃபான் நயமாகச் சொல்ல, லோ அண்ணன் ஒத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் அவர் பேச்சே மாறிவிட்டது. "இந்தப் பேட்டையில சுவரே இல்லாம முன்மாதிரியா இருந்தது எங்க வீடுதான்" என்று கிழக்கு வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் இடம் விட்டபிறகு மற்றவர்களுக்குச் சாக்கு இல்லை. பஞ்சாங்கத்தில் நல்ல நாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பூனையும் குட்டி போட்டது.

வேலை நடந்த மாதங்களில் பேட்டையே வீட்டு முகப்பில் அடுப்பு வைத்துச் சமைத்தது. யார் வீட்டில் என்ன என்று ஒளிக்க முடியாது. நடந்து போகிறவனை இழுத்து உட்கார்த்திச் சோறு போட்டார்கள். எனக்குப் பழைய கால்சட்டை எதுவும் பொத்தான் ஏறவில்லை. பின்சந்தைத் தோண்டியபோது மாஜாங் சூதாட்டக் காய், ஒற்றைச் செருப்பு, பொய்ப்பல் செட்டு என்று என்னென்னவோ வந்தன. பொய்ப்பல்லை மட்டும் மூன்று பேர் தங்களுடையது என்றார்கள். மூன்று பேருக்கும் அது பொருந்தியதுதான் ஆச்சரியம். ஃபான் சேற்றில் நின்று நின்று கறுத்துப்போனாள். பேட்டைக் கிழவிகள் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் வேலையை இன்னும் வேகமாக முடித்தாள்.

அக்காவின் அடுப்படி பாதியாகச் சுருங்கிவிட்டது. குளிர்ப்பெட்டிக் கதவு முழுசாகத் திறக்காது. உள்ளே இருப்பதை எடுக்க அவள் பக்கவாட்டில் நண்டு மாதிரி போகவேண்டும். போகிறபோதெல்லாம் சுய்போக் அண்ணனுக்கு ஒரு வசவு உண்டு. அவர் அதற்குப் பழகிவிட்டார்.

அந்த வருஷப் புயல் மழைக்கு மதகைத் திறந்தார்கள். பழக்கதோஷத்தில் நான் பட்டறைக் கதவை இழுத்து மூடினேன். மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. மறுநாள் பாலத்தில் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் மண் நிறமாக, செம்பழுப்பாக, குப்பை கூளத்தோடு ஓடியது. மீன் செத்து மிதக்கவில்லை. "மண்ணுதானே. மண்ணுன்னா பரவாயில்ல" என்றாள் அக்கா. மழை விட்டால் துணி காயப்போட வேண்டும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். நான்தான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தேர்தலில் அக்கா தோற்றாள். லோ அண்ணன் ஜெயித்தார். எனக்கு மனசு ஆறவில்லை. நேரே அவளிடமே போய்க் கேட்டேன். "கால்வாய சுத்தமாக்கினது நீங்க. ஓட்டு அவருக்கா?"

"பின்ன? அடுப்படிய இடிச்சது யாரு? நான்தானே. ஒவ்வொருத்தியும் குளிர்ப்பெட்டியத் திறக்கறப்பல்லாம் என் மூஞ்சி ஞாபகம் வருமே" என்று சொல்லிவிட்டு மீனை அரைப்பதில் முனைந்தாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று ருசி பார்க்கக் கொடுத்த உருண்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

போன மாதம் லோ அண்ணன் பட்டறைக்கு வந்தார். பாலத்தில் ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அக்கா மார்க்கெட்டிலிருந்து திரும்பி வருகிற வழியில் அவனை நிறுத்தி விசாரித்தாள்.

"திங்கிறதுக்கா பிடிக்கிற?"

"அந்தத் தைரியம் இன்னும் வரலக்கா. பிடிச்சுப் பாத்துட்டு விட்டுடறேன்."

அக்கா லோ அண்ணன் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? தண்ணி வர்ற பக்கம் மேல்பேட்டையில இன்னும் ஒரு வீடு கூடக் குழாய்ல சேரல. அவங்க அழுக்கு நம்மகிட்டதான் வருது. போய்ப் பேசக்கூடாதா தலைவரே?"

"போனேன் பிக்ஹா. பஞ்சாங்கத்தக் காட்டறாங்க."

"பஞ்சாங்கமா?" என்றாள். மீன் கூடையை என் மேஜை மேல் வைத்தாள். "வண்டிய எடு. இந்த நேரத்துக்கு எல்லாரும் வீட்ல இருப்பாங்க."

"சாப்பிட்டுட்டுப் போலாமே?"

"வந்து சாப்பிடலாம். எடு."

லோ அண்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பினார். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்து, "பஸ் ஓட்டற மாதிரி ஒவ்வொரு முக்குலயும் நிறுத்தாத" என்றாள். அவர் ஏதோ பதில் சொன்னார். பாலம் இறங்கித் திரும்புகிற வரை இரண்டு பேரும் வழக்காடிக்கொண்டே போனார்கள். சாயங்காலம் திரும்பியபோது மூன்று வீடு சம்மதித்திருப்பதாகச் சொன்னார்கள். நாலாவது வீட்டில் நாய் இருந்ததாம். நாளைக்கு மறுபடி போவார்களாம்.